சந்தில் ஏறிய படிக்கட்டு

கூட்டத்தில் யாராவது தூங்கினால் டேப்பம்மாவுக்குக் கோபம் வராது. வீட்டுச் சொந்தக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, கட்டட அனுமதி என்றால் என்ன, எதற்கு, எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுக்கிற கூட்டம் அது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைத்தவர் தூங்கத்தான் செய்வார். தூங்கினாலும் பாதி காதில் விழும், விழுந்ததில் கால்வாசி மனதில் நிற்கும், கால்வாசி நின்றால் ஒரு சுவராவது ஒழுங்காக எழும்பும். அதுதான் அவள் கணக்கு.

நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் அவள் ஆய்வாளர். சிலர் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொள்வதுபோல அளவு டேப்பைச் செருகிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதால் அந்தப் பெயர் வந்தது. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் டேப்பம்மா. இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். இடிக்க வருகிறவனை ஊரில் எல்லாருக்கும் தெரியும், கட்டுவதற்கு முன்னால் வந்து சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்று மேலதிகாரியோடு மல்லுக்கட்டி இந்தக் கூட்டங்களை ஆரம்பித்தவளும் அவள்தான்.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். எந்தத் தெரு குடியிருப்புக்கு ஒதுக்கியது, எந்தத் தெருவில் கடை வைக்கலாம், எங்கே பட்டறை போடக் கூடாது என்று வரைபடத்தை மாட்டிக் காட்டினாள். பிறகு செருப்புக் கடையில் வாங்கி வந்த இரண்டு காலி அட்டைப் பெட்டிகளை மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் ஜன்னல் வெட்டியிருந்தாள். இது உங்கள் வீடு, இது பக்கத்து வீடு என்றாள். நடுவில் சந்து விட்டு டார்ச் அடித்தபோது இரண்டு ஜன்னலுக்குள்ளும் வெளிச்சம் போனது. பெட்டிகளை நெருக்கி வைத்து அடித்தபோது போகவில்லை. சந்து என்பது வீணாய்ப் போகிற நிலம் இல்லை, இரண்டு வீடும் மூச்சு விடுகிற மூக்கு என்று சொன்னாள். அதில் கட்டினால் நீங்கள் கட்டுவது சுவர் இல்லை, அடுத்தவன் மூக்கில் வைக்கிற விரல் என்றாள். தூங்கினவர்கள்கூட விழித்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

அப்போதுதான் பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். நல்ல மனிதர், குத்திப் பேச வேண்டும் என்று பேசுகிறவர் இல்லை. சந்தேகம் என்றால் கேட்டுவிடுவார்.

"எல்லாம் சரிதாங்க மேடம். உங்க அண்ணன் வீட்டுப் படிக்கட்டு இந்தப் பெட்டிக் கணக்குல எங்க வருது?"

டேப்பம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வேறு யாரையோ நினைத்துக் கேட்கிறார் என்று எண்ணி, "எங்க அண்ணன் வீட்டுல வெளியில படிக்கட்டே கிடையாதுங்களே" என்றாள்.

மண்டபம் சிரித்தது. முதலில் பின்வரிசை, அப்புறம் முன்வரிசை. கெட்ட சிரிப்பு இல்லை அது. முழுப் பூசணிக்காயை ஒருத்தி தட்டுச் சோற்றில் மறைக்கிறாளே, அதையும் இவ்வளவு அழகாகச் செய்கிறாளே என்று ரசிக்கிற சிரிப்பு. அதுதான் அவளைச் சுட்டது. ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், தங்கச்சி ஊருக்குச் சொல்லுவா, அண்ணன் வீட்டுக்குச் செய்வான் என்று சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அண்ணன் குடியிருக்கிற பிறந்த வீட்டுக்கு அவள் போய்க் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தது. பேருந்தில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, அந்த ஒரு வருடம் எப்படி ஆனது என்பது ஒவ்வொன்றாகப் புலப்பட்டது. மழைக்காலத்தில் ஒருநாள் அண்ணன் அம்மாவைக் கையோடு கூட்டிவந்து, கூரை ஒழுகுகிறது, பூச்சு வேலை நடக்கப்போகிறது, தூசியில் அம்மாவுக்கு இழுக்கும், கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று விட்டுப் போனான். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அம்மாவுக்கென்று புது மெத்தை வாங்கிப் போட்டாள். பேருந்து ஓட்டிவிட்டு அலுத்து வரும் கணவரைக் கூடத்தில் படுக்கச் சொன்னாள். அம்மா மட்டும் சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு ஓர் ஓரமாகப் போய், "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று மகனிடம் கேட்பாள். பூச்சு வேலையைத்தான் கேட்கிறாள் என்று இவளும் இருந்துவிட்டாள். அம்மா திரும்பிப் போன பிறகு, இவள் கிளம்பும் போதெல்லாம் அண்ணன் முந்திக்கொண்டான். நீ ஏன் அலைகிறாய், நானே கூட்டிவருகிறேன் என்பான், கூட்டியும் வருவான். எவ்வளவு பாசமான அண்ணன் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள்.

நீங்களே சொல்லுங்கள், பாசத்தைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

தெருமுனையில் இறங்கியபோதே தெரிந்தது. அப்பா கட்டின ஒற்றைத் தள வீட்டின்மேல் ஒரு மாடி ஏறியிருந்தது. அது பரவாயில்லை. அந்த மாடிக்குப் போகிற சிமெண்டுப் படிக்கட்டு, வீட்டுக்குள்ளிருந்து ஏறாமல், அவர்கள் வீட்டுக்கும் ஊசியக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஏறியிருந்தது. ஏறியிருந்தது என்றா சொல்வது? சந்தைத் தின்றுவிட்டு நின்றது. அண்ணனைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன் தன் சந்தில் குளியலறை கட்டியிருந்தான். அதற்கடுத்த வீட்டுக்காரன் முன்பக்கத்தைத் தகரத்தால் அடைத்து மரப்பட்டறை போட்டிருந்தான். குடியிருப்புக்கென்று ஒதுக்கின தெருவில் ரம்பம் கத்திக்கொண்டிருந்தது. டேப்பம்மா ஊரெல்லாம் சொன்ன பாடத்தை, அவள் பிறந்த தெரு மட்டும் அண்ணனிடம் படித்திருந்தது.

ஊசியக்கா வாசற்படியில் மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தாள். துணி தைத்துச் சரிசெய்து கொடுக்கிறவள், ஊசியக்கா என்பது தெரு வைத்த பேர். இவளைவிடக் கொஞ்சம் மூத்தவள். சந்துக்கு இந்தப் பக்கம் இவர்கள் ஜன்னல், அந்தப் பக்கம் அவள் ஜன்னல். பள்ளிக்கூடச் சட்டை கிழிந்தால் ஜன்னல் வழியாக நீட்டினால் போதும், தைத்து ஜன்னல் வழியாகவே திரும்பி வரும். சீப்பு போகும், கிண்ணம் போகும், வீட்டுப் பேச்சு போகும், அம்மா திட்டினால் அழுகை போகும்.

வாசலில் உட்கார்ந்து தைக்கிறாயே, ஏன் அக்கா என்று கேட்டுவிட்டாள் டேப்பம்மா. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊசியக்கா துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். இவளும் பின்னாலேயே போனாள்.

பட்டப்பகலில் அந்த அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தையல் மெஷின் பழைய இடத்தில், ஜன்னலோரத்திலேயே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஒரு சாண் தள்ளிப் படிக்கட்டின் அடிவயிறு. யாரோ மேலே ஏறினார்கள், தலைக்குமேல் தடதடவென்று சத்தம் போனது, மெஷின் மேசையில் இருந்த பொத்தான்கள் அதிர்ந்தன. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் இந்த விளக்கில் தெரிவதில்லை, அதனால் வாசலுக்குப் போகிறேன், வாசலில் உட்கார்ந்தால் ஊர்வம்பு பேச உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்கிறார்கள் என்றாள் ஊசியக்கா. முகத்தில் வருத்தம் இல்லை. வருத்தம் காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது.

"ஏங்க்கா ஒரு புகார் கொடுத்திருக்கலாமே?" என்றாள் டேப்பம்மா.

"யார்கிட்ட? புகார் வாங்குற மேசையில நீதான உக்காந்திருக்க?"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

ஊசியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அஸ்திவாரம் தோண்டும்போதே உன் அண்ணனிடம் கேட்டேன், தங்கச்சி எல்லாம் பார்த்துக்கொள்வாள் என்று சொன்னான் என்றாள். தெரு முழுக்க அப்படித்தான் சொல்லியிருக்கிறான். நீ பார்த்துச் சரி என்று சொன்ன படிக்கட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

"இத்தனை நாளும் என்மேல கோவமா இருந்தியாக்கா?"

"கோவமா? பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் நூல் கோத்தேன். உன் சட்டைக்கு எத்தனை தடவ ஒட்டுப் போட்டிருப்பேன்னு நெனச்சு நெனச்சுக் கடிச்சேன்."

டேப்பம்மாவுக்குக் கண் கலங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. தன்னைத் திருடியாக்கி, தெருவுக்கெல்லாம் காட்டி, தனக்கு மட்டும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அதுவும் அம்மாவுக்குப் புது மெத்தை போட்டுக் கொடுத்த நாட்களில்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தான். வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன். கடையில் விற்கிற எண்ணெயைப் பேச்சிலும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வான். தங்கச்சியையும் இடுப்பில் டேப்பையும் பார்த்தவுடனே விஷயம் தெரிந்துவிட்டது, இருந்தும் சிரித்தான்.

"வா பாப்பா. என்ன, டேப்போட வந்திருக்க? அண்ணனுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. அனுமதி ஏன் வாங்கவில்லை என்று கேட்டாள். அதற்கு அவன் சொன்ன காரணங்களைக் கேட்டால் கல்லும் இளகும். கடை வேலையில் நேரமில்லை என்றான். மேஸ்திரி அவசரப்படுத்தினான் என்றான். ஏற்கெனவே உனக்கு ஆயிரம் வேலை, இதில் நானும் வந்து நிற்கணுமா என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, நான் விண்ணப்பம் போட்டு நீ அனுமதி கொடுத்தால் சொந்தக்காரனுக்குச் செய்தாள் என்று ஊர் பேசாதா, உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்றான். அவளுடைய பேரைக் காப்பாற்றுவதற்காகவே சந்தில் படிக்கட்டுக் கட்டினான் என்று ஆகிவிட்டது.

அண்ணி அடுப்படியில் இருந்தாள். அவள் பேச்சில் எண்ணெய் கிடையாது. உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிடுவாள். கணவன் குழைவது அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது, கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க? இங்க பாரு, அனுமதின்னு போனா, மாமா பேர்ல இருக்கற வீட்டுக்கு உரிமை உள்ள எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம். உன்கிட்ட வந்து கையெழுத்துக் கேட்டா, உனக்கும் பங்கு இருக்குன்னு நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

அண்ணன் அவளை அதட்டினான். அதட்டி என்ன பயன், சொல் வாசலைத் தாண்டிவிட்டது.

டேப்பம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து போர்வையில் இருந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு இந்த வீட்டில் தனக்குப் பங்கு உண்டா இல்லையா என்று டேப்பம்மா ஒருநாள்கூட நினைத்ததில்லை. அம்மா இருக்கிற இடம், அவ்வளவுதான். இவர்கள் மூன்று பேரும் அதை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அவள் கை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோதும், பங்குக்கு அடிபோட வருகிறாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

"அவன் பிள்ளைகுட்டிக்காரன்" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

"நான் மட்டும் என்ன, பூனைக்குட்டியா வளக்கறேன்?"

டேப்பம்மா வெளியே வந்து டேப்பை இழுத்தாள். படிக்கட்டின் அகலத்தை அளந்தாள், ஊசியக்கா சுவருக்கு மிச்சமிருந்த இடத்தை அளந்தாள், விட வேண்டிய இடத்தில் எவ்வளவு விடவில்லை என்று அண்ணன் காதுபடச் சொன்னாள். நீயாகவே எடுத்துவிடு, மாதக் கடைசிவரைக்கும் பார்ப்பேன் என்றாள். பட்டறைக்காரன் ரம்பத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

அண்ணன் இப்போது சிரிப்பதை விட்டுவிட்டான். "பாப்பா, நீ கூட்டம் போடுறதை எல்லாம் தெருவுல வெச்சுக்கோ. வீட்டுக்குள்ள போடாத."

மாதக் கடைசி வந்தது. படிக்கட்டுக்கு வெள்ளையடித்திருந்தான்.

அலுவலகத்தில் அவளுக்கு இன்னொன்று தெரியவந்தது. களத்துக்குப் போகிற உதவியாளர்கள் அந்தத் தெருவை முன்பே பார்த்திருக்கிறார்கள். மேடம் வீட்டுத் தெரு, நமக்கெதற்கு வம்பு என்று திரும்பிவிட்டிருக்கிறார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது, அவளுக்கு ஏதோ மரியாதை செய்துவிட்டதுபோல. அந்த அலுவலகத்து வழக்கம் அப்படி. புகார் வந்தால் போவார்கள், வராவிட்டால் கண்ணில் பட்டாலும் போகமாட்டார்கள். அவள் தெருவில் புகார் கொடுக்க யாருக்கும் துணிவில்லை, போய்ப் பார்க்க யாருக்கும் மனமில்லை. ஆக, ஊரிலேயே சட்டம் நுழையாத தெரு, சட்டம் சொல்லிக்கொடுக்கிறவளின் தெரு.

மேலதிகாரி சட்டை மடிப்புக் கலையாத மனிதர். சத்தம் போடமாட்டார், முடிவும் சொல்லமாட்டார். சொந்தக்காரர் விஷயத்தில் நீங்கள் கை வைக்கக் கூடாது, பக்கத்து வட்டாரத்து ஆய்வாளரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். அது நியாயம்தான். ஆனால் பக்கத்து வட்டாரத்துக்காரருக்கு அலுவலகம் வைத்த பேரே 'நாளைக்கு'. என்ன கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் சொல்வார். மேலதிகாரி இன்னொன்றும் சொன்னார். பக்கத்து வீட்டம்மா புகார் கொடுத்தாலும் உங்கள் அண்ணன் அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம், எதற்கு இவ்வளவு கொதிப்பு, வேண்டுமானால் அந்தத் தெருவில் ஒரு விழிப்புணர்வுப் பலகை வைப்போம் என்றார்.

பலகை வைப்பார்களாம். படிக்கட்டின்மேலேயே வைக்கலாம், நல்ல உயரம். அவள் அதைச் சொல்லவில்லை, நினைத்ததோடு சரி.

ஊசியக்காவிடம் போனாள். அக்கா கும்பிடு போட்டுவிட்டாள். சுவரோடு சுவராகக் குடியிருக்கிறேன், நாளைக்கு அவர்கள் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் என் துணியெல்லாம் போச்சு, நீ வீட்டுக்குப் போய்விடுவாய், நான்தான் இங்கே இருக்கணும் என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அடிபட்டவளையே வந்து அடித்தவன் பேரைச் சொல்லு, சாட்சியும் கொண்டுவா என்று சொல்கிற ஏற்பாட்டைத்தான் டேப்பம்மா இத்தனை வருடமாக ஒழுங்கு என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாள்.

அன்றைக்கு அலுவலகத்துக்குத் திரும்பி வந்தாள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினாள். ஆய்வாளராக எழுதவில்லை. இன்ன வீட்டின் உரிமையாளர்களில் நானும் ஒருத்தி, என் சம்மதம் இல்லாமலும் அனுமதி இல்லாமலும் சந்தில் படிக்கட்டுக் கட்டப்பட்டிருக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்று எழுதினாள். நாலே வரி.

மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். அபராதம் கட்டி முறைப்படுத்துகிற வழி இன்னும் திறந்திருக்கிறதே என்றார்.

"அதுக்கும் உரிமையாளர் எல்லாரும் கையெழுத்துப் போடணும் சார். நான் போடமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனிதர் முதல் தடவையாக மனதிலிருந்து பேசினார். "நீங்க ஆய்வாளரா எழுதியிருந்தா இது ஃபைலு. பங்குக்காரியா எழுதியிருக்கீங்க, இது குடும்பம். ஃபைலை மூடலாம்மா. இதை மூட முடியாது. யோசிச்சுக்கோங்க."

"அவங்க யோசிக்கல சார்" என்றாள்.

அடுத்த சில வாரங்கள் போன் ஓயவில்லை. பெரியப்பா பேசினார், சித்தி பேசினாள், யாரென்றே தெரியாத ஒரு மாமா பேசினார். யாருக்கும் படிக்கட்டைப் பற்றிக் கவலை இல்லை, ஊசியக்காவின் இருட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் பங்கு கேட்டுவிட்டாளாமே, அது மட்டும்தான். இத்தனைக்கும் அவள் பங்கு என்று வாயைத் திறந்து கேட்கவே இல்லை. இருக்கிறது என்று எழுதியிருந்தாள், அவ்வளவுதான். இருக்கிறதை இருக்கிறது என்று சொல்வதுதான் கேட்பதைவிடப் பெரிய குற்றம் போலும். அவள் கணவர் நல்ல மனிதர், அவரும் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒரு படிக்கட்டுக்காகவா இதெல்லாம் என்று முனகினார். அவள் தன் தட்டை வைத்த சத்தத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பங்குக்காரி மறுக்கிறாள் என்றால் 'நாளைக்கு' ஆய்வாளருக்கும் வேறு வழியில்லை. அறிவிப்பு ஒட்டினார், கெடு கொடுத்தார், கெடுவும் முடிந்தது. ஒரு காலையில் ஆட்களோடு வந்து நின்றார். டேப்பம்மா வரவேண்டிய அவசியமில்லை. வந்தாள். ஊசியக்கா வீட்டு வாசலோரம் நின்றாள்.

அண்ணன் கத்தினான், ஆட்களைத் தடுத்தான், அவர்கள் தள்ளிவிட்டுப் போனதும் தங்கச்சி பக்கம் திரும்பி ஏதேதோ பேசினான். தெருவே கேட்டது. அதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை, உங்கள் காதும் எதற்குப் புண்ணாக வேண்டும்? அம்மா நாற்காலியை வாசலில் போட்டு, மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சுத்தியல் விழும்போதெல்லாம் அந்த முதுகு ஆடியது. டேப்பம்மா அதையும் பார்த்தாள். போய்த் தொட வேண்டும் என்று கால் துடித்தது. தொட்டால் தன் கோபம் கரைந்துவிடும், கரைந்தால் இது பாதியில் நின்றுபோகும் என்று தெரிந்து, நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஊசியக்கா நன்றி சொல்லவில்லை. தைத்து மடித்து வைத்த துணியிலெல்லாம் சிமெண்டுத் தூசி விழுகிறது, ஒரு பேச்சுச் சொல்லிவிட்டு உடைக்கக் கூடாதா என்று ஆட்களைத் திட்டினாள். 'நாளைக்கு' ஆய்வாளரையும் சேர்த்துத் திட்டினாள். சாயங்காலம் ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியால் கம்பிகளைத் துடைத்து, விளக்கை அணைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக் குளியலறைக்காரனும் பட்டறைக்காரனும் அடுத்த வாரமே அலுவலகத்துக்கு வந்தார்கள். நாங்கள் என்ன செய்யணும் என்று கேட்டார்கள். சொந்த அண்ணனையே விடாதவள் எங்களை விடுவாளா என்று பட்டறைக்காரன் சொன்னான். புகழ்ச்சி மாதிரிதான் சொன்னான். டேப்பம்மாவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடம் வரைபடமும் பெட்டியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு நல்லபடியாகச் சொன்னபோது யாரும் வரவில்லை. ஒரு வீடு உடைந்து, ஒரு தாய் முதுகைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் வருகிறார்கள். இருந்தாலும் சொல்லிக்கொடுத்தாள். எந்த மேசைக்குப் போகணும், என்ன வரையணும், பட்டறைக்கு எந்தத் தெருவில் இடம் பார்க்கணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

அண்ணன் வீட்டு மாடி அந்தரத்தில் நின்றது. அதில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் சாமானை ஏணி வைத்து இறக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குள்ளிருந்து படிக்கட்டு ஏற்றினால்தான் அந்த மாடிக்கு உயிர். ஏற்ற வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமென்றால் கையெழுத்து வேண்டும்.

முதலில் மேஸ்திரியைத் தாள்களோடு அனுப்பினான். அவள் பார்க்கவே இல்லை. அப்புறம் சித்தி மகனை அனுப்பினான். உரிமையாளர் நேரில் வரட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பல வாரம் கழித்து ஒரு காலையில் தலையைத் தூக்கினால், அவள் மேசைக்கு முன்னால் நின்ற வரிசையில் நாலைந்து பேருக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். சவரம் செய்யவில்லை. கூப்பிட்டு முன்னால் விடுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, விடவில்லை. அவன் முறை வந்தது.

தாளை மேசைமேல் தள்ளினான். அம்மாவின் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. அதற்குக் கீழே அவனுடையது. அதற்குக் கீழே காலி இடம்.

"போட்டுக் குடு" என்றான்.

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத பாப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். என்ன வேணும்னு கேளு."

வரிசையில் பேச்சு நின்றுவிட்டது. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே, "படிக்கட்டுக் கட்டணும். உன் சம்மதம் வேணும்" என்றான்.

ஒரு மூச்சுப் பேச்சு. ஒரு வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து இந்த ஒரு மூச்சை விட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாள். எங்கே போடணும் அண்ணா என்றுதான் கேட்டிருப்பாள். அந்த ஒரு மூச்சை மிச்சம் பிடிப்பதற்காக ஒருத்தியின் வெளிச்சத்தை எடுத்தார்கள், ஒருத்தியின் பேரை எடுத்தார்கள், ஓர் அம்மாவைப் பொய் சொல்ல வைத்தார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். சந்து சந்தாகவே இருந்தது. படிக்கட்டு கூடத்துக்குள் இருந்து ஏறியது. கையெழுத்துப் போட்டாள். இதை நான் பார்த்து அனுமதிக்கக் கூடாது, பக்கத்து மேசையில் கொடு என்று 'நாளைக்கு' ஆய்வாளரின் பக்கம் கையைக் காட்டினாள்.

அவன் தாளை எடுத்துக்கொண்டு திரும்பினான். அப்புறம் திரும்பி நின்று, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "அப்போ அந்தப் பங்கு விஷயம்... நீ கேக்கமாட்டியே?"

டேப்பம்மா பேனாவை மூடினாள்.

"அண்ணிகிட்டப் போய்ச் சொல்லு. எனக்கு அந்த வீட்டுல பங்கு இருக்குங்கறதே எனக்கு ஞாபகம் இல்ல. நீங்கதான் ஒளிச்சு ஒளிச்சு ஞாபகப்படுத்துனீங்க. இனிமே யார் கேட்டாலும் இருக்குன்னுதான் சொல்லுவேன். வேணும்னும் சொல்லுவேன்."

அவன் தாளை மடித்துக்கொண்டான். பக்கத்து மேசைக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றான். அங்கே 'நாளைக்கு' ஆய்வாளர் யாரிடமோ நாளைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.